உருகிய உலோகம் ஓடும் வாய்க்காலில் காந்தம் வைத்தால் என்ன நடக்கும்?

கம்பளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மச்சான் பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைப் பட்டறையில் வார்ப்பு வேலை செய்கிறாராம். மூசையிலிருந்து (உலோகத்தை உருக்கும் பாத்திரம்) அச்சுக்கு உருகிய உலோகக் குழம்பு ஓடும் வாய்க்காலின் இரண்டு பக்கமும் பலமான காந்தம் வைத்தால் ஓட்டம் அமைதியாகி, பொருளில் பொத்தல் விழுவது குறையும் என்று யாரோ காணொளியில் சொல்லியிருக்கிறார். "பித்தளையைக் காந்தம் இழுக்கவே இழுக்காதே, அப்புறம் எப்படி? இரும்பே உருகினால் காந்தத்துக்கு மசியாது என்று ஏ.எல். படிக்கும்போது சொன்னார்கள். அப்படியென்றால் பூமியின் நடுவில் உள்ள உருகிய இரும்பிலிருந்து எப்படிக் காந்தப்புலம் வருகிறது? எல்லாம் ஏமாற்று வேலையா?" என்பது கேள்வி. மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். காந்தத்தில் ஒட்டாத உலோகத்தின் மேல் காந்தப்புலத்துக்கு என்ன பிடி இருக்கிறது?

நான் பேராதனையில் பொறியியல் படித்து, வளைகுடா நாடொன்றில் அலுமினிய உருக்காலையில் நீண்ட காலம் வேலை செய்தவன். இப்போது ஹட்டனில் இருக்கிறேன். பித்தளை வார்ப்பு என் கைத்தொழில் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உருகிய உலோகமும் காந்தப்புலமும் மின்னோட்டமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன கூத்து நடக்கும் என்பது எனக்கு அன்றாடப் பிழைப்பாக இருந்தது.

ஏமாற்று இல்லை. இயற்பியல் உண்மைதான். பட்டறைக்குப் பயன்படுமா என்பது வேறு கதை, அதற்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் படித்ததும் சரியே. இரும்பு சுமார் 770 பாகை செல்சியஸிலேயே காந்தத்தில் ஒட்டும் குணத்தை இழந்துவிடும், உருகுவதோ 1538 பாகையில். ஆகவே உருகிய எந்த உலோகத்தையும் காந்தம் ஆணியை இழுப்பதுபோல இழுக்காது. அது பிடிப்பது உலோகத்துக்குள் ஓடும் மின்னோட்டத்தை. அந்த மின்னோட்டம் இரண்டு வழியில் வரலாம். ஒன்று, நாமே பற்றரியிலிருந்தோ உலையின் மின்வழங்கியிலிருந்தோ பாய்ச்சுவது. மற்றது, காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு உலோகம் ஓடும்போது பரடே சொன்னபடி தானாகவே தூண்டப்படுவது. இரண்டாவது வகை மின்னோட்டம் எப்போதும் தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும். ஏ.எல். பாடத்தில் லென்சின் விதி என்று படித்தீர்களே, அதுதான்.

இதைப் பார்க்க உருக்காலைக்குப் போக வேண்டாம். பழைய வகை மின்சார மீட்டர் எங்கேயாவது இருந்தால் கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். விளிம்பில் ஒரு குறி போட்ட அலுமினியத் தட்டு கிடையாகச் சுழலும். அந்தத் தட்டின் ஒரு ஓரம் லாடம் போன்ற நிரந்தரக் காந்தத்தின் வாய்க்குள் புகுந்து வெளியே வரும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அந்தக் காந்தம் இல்லாவிட்டால் தட்டு கண்டபடி வேகமெடுக்கும், மீட்டர் தப்பாக எண்ணும். காந்தத்தின் வாய்க்குள் இருக்கும் பகுதியில் தூண்டப்படும் மின்னோட்டம் வாய்க்கு வெளியே இருக்கும் அலுமினியத்தின் வழியாகச் சுற்றித் திரும்பி வருகிறது. உள்ளே இருக்கும் பகுதியில்தான் காந்தம் அதைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிறது.

இப்போது ஒன்றை யோசியுங்கள். அந்தச் சின்னக் காந்தத்துக்குப் பதிலாக, தட்டு முழுவதையும் ஒரே சீரான புலத்தால் மூடும் அளவுக்குப் பெரிய காந்தம் வைத்தால் தட்டு இன்னும் பலமாக நிற்குமா? பெரும்பாலானோர் ஆமாம் என்பார்கள். நிற்கவே நிற்காது. நடுவிலிருந்து விளிம்புவரை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி மின்னியக்க விசை (மின்னோட்டத்தைத் தள்ளும் வோல்ட்) உண்டாகும், ஆனால் மின்னோட்டம் திரும்பி வர வழி கிடையாது. மின்னோட்டம் இல்லை, ஆகவே விசையும் இல்லை. இந்தத் துறையில் எனக்கு யாராவது ஒரு படம் வரைந்து காட்டினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது? காந்தம் எவ்வளவு பலம் என்பது அதற்குப் பிறகு.

சரி, கணக்குக்கு வருவோம். உருகிய அலுமினியத்தின் மின்கடத்துதிறன் ஒரு மீற்றருக்குச் சுமார் 40 இலட்சம் சீமன்ஸ், அடர்த்தி கன மீற்றருக்கு 2400 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது விநாடிக்கு அரை மீற்றர் வேகத்தில் 0.1 தெஸ்லா புலத்தைக் கடக்கிறது என்று வையுங்கள். மின்னோட்டம் தடையில்லாமல் திரும்ப முடியுமானால், எதிர்ப்பு விசை கன மீற்றருக்கு 20,000 நியூட்டன் வரை வரும். அதே கன மீற்றர் அலுமினியத்தின் நிறையே 23,000 நியூட்டன் சொச்சம்தான். காந்தத்தில் ஒட்டாத ஒரு திரவத்தை அதன் நிறைக்குக் கிட்டிய விசையால் மறிக்க முடிகிறது! வேறு விதமாகச் சொன்னால், அந்தப் புலத்தில் அலுமினியத்தின் அசைவு தணிய எடுக்கும் நேரம் 0.06 செக்கன் அளவு. புலத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் நேரம் நூறு மடங்காகி 6 செக்கன் ஆகும், ஏனென்றால் புலத்தின் வர்க்கம்தான் கணக்கில் வருகிறது. கடல்நீருக்கு இதே கணக்கை 0.1 தெஸ்லாவில் போட்டால் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் போகும். மலையில் நம் பீலித் தண்ணீர் கடல்நீரைவிடப் பல நூறு மடங்கு மோசமான கடத்தி. குழாயில் காந்தம் மாட்டினால் தண்ணீர் ஓட்டம் மாறும் என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.

ஆனால் மேலே 'தடையில்லாமல் திரும்ப முடியுமானால்' என்று ஒரு நிபந்தனை போட்டேனே, வாய்க்காலில் எல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. பட்டறை வாய்க்காலின் சுவர் களிமண், மணல், தீச்செங்கல். எதுவும் மின்னைக் கடத்தாது. நீளமான காந்தப்புலத்துக்குள் குழம்பு ஓடும்போது நடுவில் தூண்டப்படும் மின்னோட்டம், காந்தத்தைப் பார்த்திருக்கும் சுவர்களை ஒட்டிய மிக மெல்லிய படைகள் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். அங்கே குழம்பு மெதுவாகத்தான் நகரும். நடுவில் பின்னுக்கு இழுக்கும் விசை, அந்தப் படைகளில் முன்னுக்குத் தள்ளுகிறது. விளைவாக ஓட்டத்தின் வேகம் நடுவில் தட்டையாகிவிடும், சுவரோரத்தில் மட்டும் திடீரென்று விழும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹார்ட்மன் 1937இல் பாதரசத்தை வைத்து இதைக் கணித்தும் அளந்தும் காட்டினார். அந்தப் படைகளுக்கு அவர் பெயர்தான். இரண்டு சென்ரிமீற்றர் அகல வாய்க்காலில், 0.1 தெஸ்லாவில், அலுமினியத்துக்கு அந்தப் படையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒன்றைக்கூடத் தொடாது. அப்போது மொத்த எதிர்ப்பு, முதலில் போட்ட 20,000 நியூட்டனில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். குட்டையான காந்தம் வைத்தால் கதை மாறும். மின்னோட்டம் காந்தத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் குழம்பு வழியாகச் சுற்றி வரலாம், மீட்டர்த் தட்டில் நடப்பது போலவே. அதனால் நீளமான காந்தத்தைவிடச் சின்னக் காந்தத்தின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும்தான் தடுப்பு பலமாக விழும்.

கலக்கம் அடங்குமா என்பதும் இதே கேள்விதான். பெரும்பாலான சுழிகள் அடங்கும். ஆனால் காந்தப்புலத்தின் திசையையே அச்சாக வைத்துச் சுழலும் சுழிகள் ஏறக்குறையத் தொடப்படாமல் தப்பிவிடும். சீரான புலத்துக்குள் சுழலும் அந்தத் தட்டை நினைத்துப் பாருங்கள், அதுவும் இதுவும் ஒன்று. ஆகவே பலமான புலத்தில் ஓட்டம் அமைதியாகிவிடும் என்று சொல்வதைவிட, ஓட்டம் ஒரே திசைப்பட்ட சுழிகளாக ஒழுங்குபடும் என்று சொல்வதுதான் சரி. இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை, ஆய்வுகூடத்தில் பலமுறை அளந்த விஷயம்.

சந்தேகம் தொடங்குவது தொழிற்சாலையில். உருக்கைத் தொடர்ச்சியாக வார்க்கும் இடங்களில், குழாயிலிருந்து அச்சுக்குள் பாயும் தாரையை மறிக்க 1980களிலிருந்து மின்காந்தத் தடுப்பான் பாவிக்கிறார்கள். சுமார் 0.3 தெஸ்லா அளவு புலம், தண்ணீர் ஓடிக் குளிரும் செப்புச் சுருள்கள். அது வேலை செய்கிறது, இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆனால் எந்த இடத்தில் வைத்தால் நல்லது என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. ஓரிடத்தில் மறித்தால் தாரை வேறு பக்கம் திரும்பிப் பாயும். ஜெர்மனியின் திரெஸ்டனில், அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் காலியம், இண்டியம், தகரக் கலவையை வைத்துச் சிறிய அச்சில் செய்துபார்த்தார்கள். மின் கடத்தாத சுவர் இருந்தபோது தடுப்பான் போட்டும் தாரை அங்குமிங்கும் ஊசலாடியது. கடத்தும் சுவர் வைத்ததும் அடங்கியது. உண்மையான அச்சில் விளிம்போரம் உறைந்துபோன உருக்கு ஓடு ஒன்று இருக்கும், அதுவும் கடத்தி. ஆகவே கடத்தாத சுவருள்ள மாதிரியில் கண்ட முடிவை அப்படியே ஆலைக்குக் கொண்டுபோனால் தப்பாகிவிடும். திரும்பவும் அதே விஷயம்தான், திரும்பும் வழி.

இனி, மின்னோட்டத்தை நாமே பாய்ச்சும் பக்கம். என் தொழில் இதில்தான் இருந்தது. கொஞ்சம் நின்று சொல்கிறேன். அலுமினியத் தொட்டி என்பது மின்னோட்டம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும், உள்ளே கரி பதித்த ஒரு நீளமான பெட்டி. அடியில் ஒரு சாணுக்குக் கிட்ட உருகிய அலுமினியம், அதற்கு மேல் நாலைந்து சென்ரிமீற்றர் உருகிய கிரையோலைட்டு என்ற உப்பு, அதற்குள் மேலிருந்து தோயும் கரி அனோட்டுகள், அதாவது மின்னோட்டம் உள்ளே நுழையும் கரிக்கட்டைகள். வெப்பநிலை சுமார் 960 பாகை. ஒரு தொட்டிக்கு நாலு வோல்ட் சொச்சம்தான், ஆனால் மின்னோட்டம் 4 இலட்சம் அம்பியர். 300 தொட்டிகளைத் தொடராகக் கோத்தால் 500 மெகாவாட். காசல்ரீ தொடங்கிப் பொல்பிட்டிய வரை நம் லக்ஷபான தொகுதி நீர்மின் நிலையங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினாலும் இதற்குப் போதாது. இவ்வளவு மின்னோட்டம் போகும் இடத்தில் காந்தப்புலத்தைக் கண்ணால் பார்க்கலாம். கையில் பிடித்த இரும்புக் கம்பி தானாகத் திரும்பப் பார்க்கும், சாவிக்கொத்து சட்டைப்பையை இழுத்துக்கொண்டு நிற்கும், வங்கி அட்டையை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். இதயமுடுக்கி வைத்தவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது.

அந்தப் புலமும் உலோகத்துக்குள் ஓடும் மின்னோட்டமும் சேர்ந்து உருகிய அலுமினியத்தைச் சும்மா விடாது. விநாடிக்குப் பல சென்ரிமீற்றர் வேகத்தில் அது சுற்றிக்கொண்டே இருக்கும், மேற்பரப்பு நடுவில் மேடு கட்டும். அதோடு நின்றால் பரவாயில்லை. கிரையோலைட்டு மின்னைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் மோசம். அலுமினிய மேற்பரப்பில் ஓரிடத்தில் ஒரு சின்ன அலை எழும்பினால் அங்கே கிரையோலைட்டு மெல்லியதாகிறது, தடை குறைகிறது, மின்னோட்டம் அந்த இடத்தைத் தேடி வந்து இறங்குகிறது. இறங்கிய மிகை மின்னோட்டம் அலுமினியத்துக்குள் பக்கவாட்டில் பரவித்தான் வெளியே போக வேண்டும். பக்கவாட்டு மின்னோட்டத்தை நிலைக்குத்தான காந்தப்புலம் பிடித்தால் விசை பக்கவாட்டிலேயே விழும், அலையைத் தள்ளும். இன்னொரு பக்கம் அலை எழும், மறுபடியும் அதே கதை. இப்படித் தொட்டியின் நாலு பக்கமும் ஓர் அலை அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் சுற்றிவரத் தொடங்கும். கட்டுப்பாட்டு அறையில் வோல்ட் கோடு மேலும் கீழும் ஆடும். அப்போது செய்வது ஒன்றே ஒன்று. அனோட்டுகளைக் கொஞ்சம் உயர்த்தி இடைவெளியைக் கூட்டினால் ஆட்டம் அடங்கும். ஆனால் கூட்டும் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஒரு தொட்டியில் 14 கிலோவாட்டளவு வெறும் சூடாகப் போகிறது. 300 தொட்டிக்கும் சேர்த்தால் மலையகத்து ஆற்றோரச் சிறு நீர்மின் நிலையம் ஒன்று முழுநேரமும் ஓடித் தரும் சக்தி. இதனால்தான் தொட்டிகளுக்கு இடையே மின்னோட்டம் எடுத்துச்செல்லும் பெரிய அலுமினியக் கம்பங்களை நேராகப் போடாமல் வளைத்து வளைத்துப் போடுகிறார்கள். ஒன்றின் நிலைக்குத்துப் புலத்தை இன்னொன்று அழிக்க வேண்டும். ஒரு தொட்டி எப்போது ஆடத் தொடங்கும் என்று கணினியில் ஓரளவு சொல்லலாம். அடியில் எங்கே கசடு படிந்திருக்கிறது, ஓரத்தில் எவ்வளவு உறைந்திருக்கிறது என்பது நாளுக்கு நாள் மாறுவதால், கடைசி முடிவு தொட்டியைப் பார்த்துப் பழகிய ஆளின் கையில்தான்.

இதே விசையை நல்லபடி பாவிக்கவும் முடியும். வாய்க்காலின் குறுக்கே மின்னோட்டம், அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலம், இரண்டும் கொடுத்தால் அசையும் பாகம் எதுவும் இல்லாமல் உலோகம் தானாக ஓடும். சில அணு உலைகளில் திரவ சோடியத்தை இப்படித்தான் பம்பு செய்திருக்கிறார்கள். 1920களின் கடைசியில் இயற்பியலாளர்கள் ஐன்ஸ்டைனும் சிலார்டும் குளிர்சாதனப் பெட்டிக்காக மின்காந்தப் பம்பு ஒன்றை வடிவமைத்தார்கள். தூண்டல் உலையில் குழம்பு நடுவில் குமிழ்போல் எழும்பி நிற்பதும், கரண்டி போடாமலே கலங்குவதும் இதே விசையால்தான்.

பூமியின் கதை இதன் மறுபக்கம். வெளிக்கருவத்தில் உருகிய இரும்பு விநாடிக்கு அரை மில்லிமீற்றர் அளவு வேகத்தில்தான் நகர்கிறது, நத்தை வேகம். ஆனால் அந்தத் திரவப் படை 2200 கிலோமீற்றருக்கு மேல் தடிப்பு. அளவு பெரிதாகும்போது மின்னோட்டம் அடங்க எடுக்கும் காலமும் நீண்டுகொண்டே போகிறது. எனவே அசைவு தூண்டும் மின்னோட்டமே பூமியின் காந்தப்புலத்தைத் தாங்கி நிற்க முடிகிறது. இரும்பு காந்தத்தன்மையோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1999இல் லத்வியாவில் ரீகாவுக்கு அருகிலும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ருவேயிலும் வேகமாக ஓடும் திரவ சோடியத்தில் புலம் தானாக வளர்ந்ததைக் காட்டிவிட்டார்கள். கருவத்தின் புலம் ஏன் எப்போதாவது தலைகீழாகிறது என்பதன் முழு விவரம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. இலங்கை காந்த மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால், இங்கே அந்தப் புலம் ஏறக்குறையக் கிடையாகவே, சுமார் 40 மைக்ரோ தெஸ்லா அளவில் ஓடுகிறது. உங்கள் மச்சானின் வாய்க்காலை அது எதுவும் செய்யாது.

வீட்டில் செய்துபார்க்க ஆசையென்றால் பாதரசத்தைத் தொட வேண்டாம். காலியமும் நல்லதுதான், நுவரெலியாவில் மேசையில் கட்டியாகக் கிடக்கும், உள்ளங்கையில் வைத்தால் 30 பாகைக்குக் கிட்ட உருகிவிடும். ஆனால் அலுமினியச் சட்டியில் பட்டால் சட்டி பொருக்காகிவிடும். மலிவான வழி உப்புத் தண்ணீர். ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஒரு விரல் அளவு ஊற்றுங்கள். உள் விளிம்பைச் சுற்றி வளையமாக ஒரு செப்புக் கம்பி, நடுவில் ஒரு பென்சில் கரி, இரண்டையும் 9 வோல்ட் பற்றரியில் கொடுத்து, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கிண்ணத்தின் அடியில் வையுங்கள். மேலே கொஞ்சம் தேயிலைத் தூளைத் தூவினால் அது சுற்றத் தொடங்குவது தெரியும். காந்தத்தைப் புரட்டினால் சுற்று மறுபக்கம் திரும்பும். காந்தத்தால் மட்டும் மறிக்க முடியாத உப்புத் தண்ணீர் இங்கே ஏன் ஓடுகிறது என்றால், மின்னோட்டத்தைப் பற்றரி தருகிறது. ஜன்னலைத் திறந்து வைத்து ஓரிரு நிமிடம் மட்டும் செய்யுங்கள், கொஞ்சம் குளோரின் வரலாம். சுவர்ப் பிளக்கிலிருந்து கம்பி இழுக்கவே கூடாது.

இனிப் பட்டறை. வாய்க்காலின் அளவும் சாய்வும் பார்க்காமல் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் என் கருத்தில் அந்தக் காந்தத்துக்குச் செலவழிக்க வேண்டாம். பித்தளைக் குழம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், மின் கடத்துவதிலும் பின்தங்கியது, ஆகவே தணிப்பு அந்த அளவுக்கு மெதுவாகும். கடையில் கிடைக்கும் சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும், பக்கத்திலோ 1000 பாகைக் குழம்பு. தள்ளி வைத்தால் புலம் வேகமாகக் குறையும், வர்க்கக் கணக்கில் விளைவு ஒன்றுமில்லாமல் போகும். அதோடு பித்தளையில் விழும் பொத்தலுக்கு ஓட்டத்தின் கலக்கம் மட்டும் காரணமில்லை. பித்தளையில் இருக்கும் நாகம் (துத்தநாகம்) 907 பாகையிலேயே கொதிக்கும், குழம்பு தேவைக்கு மேல் சூடானால் நாக ஆவி வெளியே வரும். அச்சு மணலின் ஈரம் ஆவியாகும். உறையும்போது சுருங்கும் இடத்துக்குக் குழம்பு போய்ச் சேராவிட்டாலும் பொத்தல் விழும். இவற்றில் ஒன்றையும் காந்தம் தொடாது. கலக்கத்தைக் குறைக்க வேண்டுமானால், அலுமினியம் வார்ப்பவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அச்சுக்குள் நுழையும் வேகம் விநாடிக்கு அரை மீற்றரைத் தாண்டக் கூடாது. வெறும் 13 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலே குழம்பு அந்த வேகத்தை எட்டிவிடும். ஆகவே மூசையின் வாயை அச்சின் வாய்க்கு முடிந்தவரை கிட்டக் கொண்டுவரச் சொல்லுங்கள், குழம்பு மேலிருந்து கொட்டாமல் அடியிலிருந்து ஏறும்படி வாய்க்காலை வெட்டச் சொல்லுங்கள், மணலை நன்றாகக் காயவிடச் சொல்லுங்கள். அப்படிச் செய்தும் பொத்தல் விழுந்தால், அந்தப் பொருளைக் குறுக்கே அறுத்து உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஓட்டையின் சுவர் வழுவழுப்பாக இருந்தால் வாயு, சொரசொரப்பாகக் கிளைவிட்டிருந்தால் சுருக்கம் என்று ஓரளவு பிரிக்கலாம்.